பரீட்சைக் கேஸ்

நான் பிரான்சி. தென்னூரில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். என் வலது கண்ணின் பாப்பா இடது கண்ணுடையதைவிட இரண்டு மடங்கு பெரியது. டார்ச் அடித்தால் சுருங்காது. கிட்டத்தில் எதையாவது உற்றுப் பார்த்தால் மட்டும் மெள்ள, சோம்பல் முறிப்பது போலச் சுருங்கும். கணுக்காலில் டாக்டர்கள் ரப்பர் சுத்தியலால் தட்டினால் பாதம் அசையாது. இதற்கு ஹோம்ஸ்-ஏடி என்று பெயர். ஆபத்தில்லாதது, அபூர்வமானது. அபூர்வமாக இருந்து தொலைத்ததால்தான் ஒன்பது வருடமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கூப்பிடுவது வைத்தியத்துக்கு அல்ல, பரீட்சைக்கு. மேற்படிப்பு படிக்கும் டாக்டர்களுக்கு மே மாதம் செய்முறைத் தேர்வு நடக்கும். ஆளுக்கொரு நோயாளியைக் கொடுத்து என்ன நோய் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அந்த நோயாளிக்குப் பெயர் கேஸ். கேஸுக்கு ஒரே சட்டம்தான்: நோயின் பெயரை வாய் திறந்து சொல்லக் கூடாது. பரீட்சை தொடங்கும் முன்பே டீ வாங்கிக் கொடுத்து, "அக்கா, உங்களுக்கு என்னன்னு சொன்னாங்க?" என்று குழைந்தவர்கள் உண்டு. டீயைக் குடித்துவிட்டு, "கண்ணுதான் தம்பி" என்று எழுந்து வந்துவிடுவேன். ஒருவருக்கும் சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தாலும் காது கேட்கும் அல்லவா? பரீட்சை வைக்கிறவர்கள் வருடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "பாப்பா பெரிசா இருக்கு. வேற என்னவா இருக்கலாம்?" பதில் எனக்கு மனப்பாடம். மூளையிலிருந்து கண்ணுக்கு வரும் மூன்றாம் நரம்பை, ரத்தக்குழாய் ஒன்று வீங்கி அழுத்தலாம். அப்படியானால் இமை தொங்கும், எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும், தலை வலிக்கும். வீக்கம் வெடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். இதைச் சொல்லிவிட்டு, "இந்த பேஷண்டுக்கு இமை தொங்கல சார், அதனால அது இல்ல" என்று மாணவர்கள் முடிப்பார்கள். நான் மனத்துக்குள் மார்க் போடுவேன்.

இந்த மே மாதம் ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இருநூறு பினஃபோர் தைக்க வேண்டியிருந்தது. பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால், இடது பக்கம் திரும்பி ஊசியில் நூல் கோக்கப் போனேன். இரண்டு ஊசி தெரிந்தது. வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல வலி. மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் வலது இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது. பயந்துதான் போனேன். இருந்தாலும், வியாழக்கிழமை பரீட்சைக்கு எப்படியும் அங்கேதானே போகிறோம், நாலு டாக்டர் பார்ப்பார்களே என்று இருந்துவிட்டேன். புத்தி கெட்டவள்.

வியாழக்கிழமை காலையில் முதல் வேலையாக டாக்டர் கலைமதியிடம் சொன்னேன். கேஸ்களை வரவழைத்துக் கட்டிலில் சேர்ப்பது அந்தப் பெண்ணின் பொறுப்பு. கையில் பட்டியலோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

"தூக்கமில்லாம இருக்கும்க்கா. எக்ஸாம் முடியட்டும், நானே பாக்கறேன். தயவுசெஞ்சு யார்கிட்டயும் புதுசா எதுவும் சொல்லிடாதீங்க, ஆன்சர் மாறிப்போயிடும்" என்றாள்.

என் இமையை அவள் பார்க்கவே இல்லை. என்னை மூன்றாம் எண் கட்டிலில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு வந்த மாணவர் டாக்டர் ஜெஸ்வின். நல்ல பிள்ளை. என்ன தொந்தரவு என்று கேட்டார். கேட்டவருக்கு உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? மூன்று நாள், இரண்டு ஊசி, தலைவலி எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். என் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார்.

"ஏன் தம்பி அடிக்கிறீங்க?"

"கொழப்பாதீங்கக்கா. மூணாம் பெட்டு எப்பவும் ஏடிதான்னு எல்லாருக்கும் தெரியும்."

ஒன்பது வருடம் நான் கட்டிக் காத்த ரகசியம் வராந்தா முழுக்கத் தெரிந்திருக்கிறது!

பரீட்சை வைக்கிறவர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் அந்தப் பிரிவின் தலைவர் டாக்டர் கிளமென்ட். இன்னொருவர் வெளியூரிலிருந்து வந்த டாக்டர் அனுசுயா. இருவரும் என் தலைமாட்டுப் பக்கம் நின்று ஜெஸ்வினின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமான கேள்வி வந்தது. ஜெஸ்வின் தடங்கலில்லாமல் ஒப்பித்தார். மூன்றாம் நரம்பு, ரத்தக்குழாய் வீக்கம். கடைசியில், "இந்த பேஷண்டுக்கு இமை தொங்கல மேடம்" என்றார்.

பாதிக் கண் மூடிக் கிடக்கிறேன், தொங்கவில்லையாம்.

"பொய்" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"பிரான்சி, படுங்க. கேஸ் பேசக் கூடாதுன்னு தெரியுமில்ல?" என்றார் கிளமென்ட்.

"கேஸுதான் சார் பேசக் கூடாது. நான் இன்னைக்கு பேஷண்டு. இமை தொங்குது. ரெண்டு ரெண்டாத் தெரியுது. மூணு நாளா தலை வலிக்குது. இதுக்கு என்ன அர்த்தம்னு ஒம்போது வருஷமா இதே கட்டில்ல படுத்துக் கேட்டுட்டிருக்கேன். மூணாவது நரம்பு சார். ஸ்கேன் எடுங்க."

"எடுக்கலாம். இன்னும் ரெண்டு பேர்தான் பாக்கி. முடியட்டும்."

அந்த இரண்டு பேர் அடுத்த வருடம்கூடப் பாஸ் செய்துகொள்ளலாம். நான்? காலைக் கீழே போட்டேன்.

"நீங்க பரீட்சைய நடத்துங்க சார். நான் எமர்ஜென்சிக்குப் போயி, முன்னப்பின்ன தெரியாத ஆளா வரிசையில நின்னுக்கறேன். அங்கயாவது என்னைப் பார்ப்பாங்க."

"நடக்காதீங்க!" என்று டாக்டர் அனுசுயா என் தோளைப் பிடித்தார். முன்னால் வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்த முதல் ஆள் அவர்தான். விரலை நீட்டி இடது பக்கம் கொண்டு போனார். "எத்தனை தெரியுதும்மா?"

"ரெண்டு."

"டாக்டர் கிளமென்ட், ஸ்கேன். இப்பவே."

ஸ்ட்ரெச்சரைக் கலைமதியே தள்ளிக்கொண்டு ஓடினாள். அழுதுகொண்டே தள்ளினாள். நான் ஆறுதல் சொல்லவில்லை, எனக்கு என் பயமே பெரிதாக இருந்தது. ஸ்கேனில் ரத்தக்குழாய் வீக்கம் பட்டாணி அளவில் தெரிந்தது. வெடிக்கவில்லை. அன்றைக்கே தலையைத் திறந்து, வீக்கத்துக்குள் ரத்தம் போகாதபடி கிளிப் போட்டார்கள்.

ஆறாம் நாள் காலை டாக்டர் கிளமென்ட் பன்னிரண்டு மாணவர்களோடு வார்டுக்குள் வந்தார். என் தலையில் பாதி முடி இல்லை. இமை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, சரியாக மாதக்கணக்கில் ஆகுமாம்.

"எல்லாரும் கிட்ட வாங்க. ரொம்ப அபூர்வம். ஏடியும் மூணாம் நரம்பும் ஒரே கண்ணுல. இனிமே இப்படி ஒரு கேஸ் கெடைக்காது" என்றார். பன்னிரண்டு டார்ச் விளக்குகள் எரிந்தன.

நான் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன்.

"பிரான்சி, கண்ணத் தொறங்க."

"மொதல்ல எப்படி இருக்கேன்னு கேளுங்க சார்."

ஒரு மாணவி சிரிப்பை அடக்குவது மட்டும் கேட்டது. நான் அவசரப்படவில்லை. எனக்கு அன்றைக்கு வேறு வேலையும் இல்லை.

கடைசியில் கிளமென்ட் தொண்டையைச் செருமினார். "எப்படிம்மா இருக்கீங்க?"

"தலைவலி இல்ல. பசிக்குது. இட்லி வரட்டும், சாப்பிட்டுட்டுக் காட்டறேன்" என்றேன்.