தேன் நிறத்து ஆயில்

சுகாசினி கார் ஓட்டக் கற்றுக்கொண்டு இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. காரைப் பற்றிப் பேசத் தொடங்கி அதைவிட ரொம்ப நாள் ஆகியிருந்தது. வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவள். உராய்வும் அழுத்தமும் வெப்பமும் இருபது வருஷமாகக் கரும்பலகையில் அவள் பேச்சைக் கேட்டு நடந்தன. கார் மட்டும் கேட்காமலா போய்விடும் என்று நினைத்தாள்.

வினை தொடங்கியது மெக்கானிக் சிவராஜின் ஷெட்டில். போன முறை வேலைக்கு விட்ட வண்டியைத் திரும்ப எடுக்கப் போனபோது கணவன் லோகேஸ்வரனும் கூட வந்திருந்தான். லோகேஸ்வரனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறதென்பதை ஒவ்வொரு முறையும் பங்க்கில் போய்த்தான் தெரிந்துகொள்வான். சிவராஜ் அத்தனை விளக்கத்தையும் அவனைப் பார்த்தே சொன்னான்.

"சார், அடுத்த மாசம் ஆயில் மாத்திடணும் சார். கருத்துக்கினு வருது."

லோகேஸ்வரன் டாக்டர் முன்னால் நிற்கிறவனைப் போலத் தலையாட்டினான். சாவி மட்டும் சுகாசினியின் கைக்கு வந்தது.

ஓரிக்கையில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். இறங்கும்போது, "இனிமே ஆயில நானே மாத்திக்கிறேன்," என்றாள்.

"எதுக்குமா வம்பு?"

"ஒரு போல்ட்டக் கழட்டி பழச எடுக்கணும். திரும்ப முடுக்கிட்டு புதுச ஊத்தணும். இதுக்கு ஒரு ஆளு, அவன்கிட்ட தலையாட்ட இன்னொரு ஆளா?"

லோகேஸ்வரன் அந்த இன்னொரு ஆள் யார் என்று கேட்கவில்லை.

நாலு வீடியோ பார்த்தாள். ஒரு நோட்டில் ஆய்வகப் பாடம் போலவே நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை என்று தலைப்புப் போட்டு, பன்னிரண்டு படிகளை வரிசையாக எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் சரிவில் முன்சக்கரங்களை ஏற்றி, பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கருங்கல் வைத்தாள். சுடிதாருக்கு மேல் லோகேஸ்வரனின் பழைய சட்டை, கண்ணுக்கு ஆய்வகக் கண்ணாடி. ஆபத்து என்று எதை எதையெல்லாம் நினைத்தாளோ அதற்கெல்லாம் காப்பு இருந்தது. தன் கையைப் பற்றித்தான் அவள் நினைக்கவே இல்லை.

பதினோராவது படி 'ஆயில் அளவு சரிபார்த்தல்'. அதை முதலிலேயே பார்த்துவிட்டாள். அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தபோது அளவு கச்சிதமாக இருந்தது. அப்போதே அதற்கு டிக் போட்டுவிட்டாள். பின்னால் செய்கிற வேலையில் ஒன்று குறைந்ததே என்று சந்தோஷம் வேறு.

பிறகு கோணியை விரித்து வண்டிக்கு அடியில் போனாள். வீடியோவில் ஒரு போல்ட்டைத்தான் காட்டினார்கள். இங்கே இரண்டு இருந்தன. ஒன்று அழுக்கு மூடி, ஸ்பேனர் வைத்தால் அசையவே மாட்டேன் என்றது. மற்றது நல்ல பிள்ளையாகக் கழன்றது. சுலபமாகக் கழன்றதுதான் சரியானது என்று முடிவு செய்தாள். தெரியாத ஒரு மார்க் கேள்விக்கு அவள் வகுப்புப் பையன்கள் விடை எழுதுகிற முறையும் அதுதான்.

ஆயில் தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி இறங்கியது.

காபி டம்ளரோடு வெளியே வந்த லோகேஸ்வரன் குனிந்து பார்த்தான். "கருத்துக்கினு வருதுன்னு அந்தத் தம்பி சொல்லிச்சேமா. இது பளபளன்னு இருக்குதே."

"நான் ஓட்டுற பதத்துக்கு அப்படி இருக்குது," என்று அடியிலிருந்து பதில் வந்தது.

கெட்டுப்போன முட்டை மாதிரி ஒரு வாடை அடித்தது. தெருச் சாக்கடை என்று நினைத்துக்கொண்டாள். மூன்று லிட்டர் வர வேண்டும், அளந்து பார்த்தால் இரண்டுதான் இருந்தது. வெயில் காலம், மீதி ஆவியாகியிருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஃபில்டரைக் கழற்றினபோது மை மாதிரி கறுப்பு ஆயில் முழங்கை வரைக்கும் வழிந்தது. அழுக்கைப் பிடித்து வைக்கிற சாமான், அது கறுப்பாகத்தானே இருக்கும்? புது ஃபில்டரை மாட்டி, போல்ட்டை முடுக்கி, மேலே மூன்று லிட்டர் புது ஆயிலை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள்.

நிறம் தப்பு, வாடை தப்பு, அளவு தப்பு என்று ஒரு பையன் ரெக்கார்டு நோட்டை நீட்டியிருந்தால், அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்திருப்பாள். இங்கே ரெக்கார்டு எழுதினவளும் திருத்துகிறவளும் ஒருத்தியே. நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டாள். வண்டிக்கு அடியிலிருந்து தன் கால் மட்டும் தெரிகிற படத்தை லோகேஸ்வரனை எடுக்கச் சொல்லி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. மூங்கில் மண்டபத்தருகே அகிலா ஏறிக்கொண்டாள். அதே பள்ளியில் தமிழ் எடுக்கிறவள். தினமும் இருவரும் சேர்ந்துதான் போவார்கள்.

"ஸ்டேட்டஸ் பாத்தேன் டீச்சர். கால் நல்லா வந்திருந்துது," என்றாள்.

ஊரைத் தாண்டுகிற வரை ஒன்றும் தெரியவில்லை. வண்டி வேகம் பிடித்ததும் அடியிலிருந்து ஓர் ஊளை கிளம்பியது. முதலில் மெல்லிசாக, பிறகு தொண்டையைத் திறந்து.

"டீச்சர், பின்னாடி புகையா வருது."

"முன்னாடி லாரி போவுதுல்ல."

"லாரி முன்னாடி போவுது டீச்சர். புகை பின்னாடி."

சுகாசினி கண்ணாடியில் பார்த்தாள். நீலமும் வெள்ளையுமாக ஒரு திரை சாலையை மறைத்துக்கொண்டிருந்தது. "புது ஆயில். செட் ஆவணும்," என்றாள். இந்த விதி எந்தப் புத்தகத்தில் இருக்கிறதென்று அவளே யோசித்துப் பார்த்தாள்.

 அகிலா வீட்டில் இரண்டு பட்டுத்தறி ஓடுகிறது. "எங்க வீட்ல சத்தம் லேசா மாறினாலே அப்பா தறிய நிறுத்திட்டு இறங்கிப் பாப்பாரு டீச்சர்," என்றாள்.

"தறி வேற, இது வேற."

ஐயம்பேட்டை தாண்டியதும் ஒரு ஷேர் ஆட்டோ பக்கத்தில் வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யக்கா, வண்டிய ஓரங்கட்டுக்கா. உள்ளாற எதுவோ வேவுது," என்றான். ஆட்டோவில் இருந்த பத்துப் பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். சுகாசினி ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கினாள். கியர் கம்பியை நியூட்ரலுக்குத் தள்ளினாள். அது அரைத்த அரைப்பில் அகிலா காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதாவது புத்தி வந்திருக்கலாம். சுகாசினி சிவராஜுக்கு போன் போட்டாள்.

"போன தடவ என்ன சர்வீஸ் பண்ணீங்க சிவராஜ்? வண்டி நடுரோட்ல நிக்குது. ரெண்டு டீச்சருங்க ரோட்டுல நிக்கிறோம். பொறுப்பு வேணாமா?"

சிவராஜ் எதிர்த்துப் பேசவில்லை. எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து சேர்ந்தான். பானெட்டைத் திறந்து குச்சியை உருவினான். துடைத்து, மறுபடி விட்டு உருவினான். ஆயில் இருக்க வேண்டிய கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை தாண்டி நின்றது. தலையைச் சொறிந்துகொண்டு அடியில் போய்ப் படுத்தான். வெளியே வந்தபோது அவன் முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் அது அவள்மேல் இல்லை.

"யாருமா ஆயில் மாத்தினது?"

அகிலா எதிர்ப்பக்கத்து வயலைப் பார்க்கத் தொடங்கினாள்.

"ஒரு மெக்கானிக்," என்றாள் சுகாசினி.

"மெக்கானிக்கா அவன்? இன்ஜின் ஆயில தொடவே இல்லமா. கியர்பாக்ஸ் ஆயில மொத்தமா இறக்கி விட்டுட்டு, இன்ஜின்ல இருந்த ஆயிலுக்கு மேலயே புதுச ஊத்தி வெச்சிருக்கான். இது ரெட்ட பங்கு குடிச்சிட்டு மூச்சு முட்டிக்கினு கெடக்குது, அது ஒரு சொட்டு இல்லாம காஞ்சிக்கினு கெடக்குது. கண்ணு இருக்கிறவன் பண்ற வேலையா? மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லாதவன்மா அவன்."

சுகாசினிக்குக் காது இரண்டும் சுட்டது. தேன் நிறம், முட்டை வாடை, காணாமல் போன ஒரு லிட்டர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மண்டைக்குள் விளக்குப் போட்டன. ஆனாலும் வாய் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

"ஆமா, கொஞ்சம் அவசரக்காரர்தான்," என்றாள்.

"எந்த ஊரு அவன்? சொல்லுங்கமா, நானே வரேன். சட்டையப் புடிச்சிக் கேக்கலாம்."

"அது எதுக்கு சிவராஜ். விடுங்க."

"விடறதா? நாளைக்கு இன்னொருத்தர் வண்டியக் கெடுப்பான்மா. ஊரச் சொல்லுங்க."

ஏதாவது தூரத்து ஊராகச் சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வந்தது, "தென்னேரி."

சிவராஜ் அசையாமல் நின்றான். "தென்னேரில கார் வேல தெரிஞ்சவரு ஒரே ஒருத்தர்தான் மேடம். முனிரத்தினம். எங்க அக்கா வீட்டுக்காரரு." அவன் குரல் தாழ்ந்துபோயிருந்தது. "எனக்குத் தொழில் கத்துக்குடுத்ததே அவருதான். அவருக்கு எப்படி இது..." என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டான். ஒரு பக்கம் மாமாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்கிற கவலை, இன்னொரு பக்கம் கேட்டே தீர வேண்டும் என்கிற வேகம். மணி அடிப்பது வெளியே கேட்டது.

முகம் தெரியாத ஒரு மனிதர் திங்கட்கிழமை காலையில், தான் பார்க்காத வண்டிக்காகத் திட்டு வாங்கப்போகிறார். சுகாசினியால் தாங்க முடியவில்லை.

"சிவராஜ், வெச்சிடுங்க. நான்தான்."

"இன்னா மேடம்?"

"நான்தான் மாத்தினேன். ஞாயித்துக்கெழம, எங்க வீட்டு வாசல்ல. வேற யாரும் இல்ல."

அதற்குள் அந்தப் பக்கம் போனை எடுத்துவிட்டார்கள். சிவராஜ் அவளைப் பார்த்தான், போனைப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல மாமா. சாப்ட்டீங்களா? சும்மாதான் பண்ணேன்," என்று சொல்லி வைத்தான். பிறகு புளியமரத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். முதுகு மட்டும் குலுங்கியது. அவள் எதிரில் சிரிக்கக் கூடாது என்று அவன் எடுத்துக்கொண்ட சிரமம், அவன் சிரித்திருந்தால் ஏற்பட்டிருக்கும் அவமானத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"மாடு மேய்க்கிறதப் பத்தி சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க மேடம்," என்றான் திரும்பி வந்து.

"இல்ல, சரியாத்தான் சொன்னீங்க. மாடா இருந்தா ரெண்டாவது போல்ட்டுலயாவது சந்தேகப்பட்டிருக்கும்."

வண்டியை இழுத்துப்போக ஏற்பாடு செய்துவிட்டு அவன் அங்கேயே நின்றான். இவர்கள் இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போனார்கள். முதல் பாடவேளை பாதி முடிந்திருந்தது. கரும்பலகையில் எழுதும்போதுதான் நகக்கண் பத்தும் கறுப்பாக இருப்பதைப் பார்த்தாள்.

இரண்டு நாளில் சிவராஜ் போன் செய்தான். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கியர்பாக்ஸ் பிழைத்துவிட்டது, ஆனால் மூன்றாவது கியரில் ஒரு முனகல் இனி இருக்கும், அதோடுதான் வாழ வேண்டும். இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. வீட்டில் லோகேஸ்வரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பளபளன்னு இருக்குதேன்னு அப்பவே சொன்னேன்," என்று ஒரே ஒரு முறை சொன்னான். அப்புறம் ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லாமல் இருந்தான். சொல்லாமல் இருக்கிறான் என்பது சாப்பிடும்போதெல்லாம் தெரிந்தது.

அகிலாவும் பள்ளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதுதான் சுகாசினியை ரொம்பப் படுத்தியது. ஆசிரியர் அறையில் யாராவது பேச்சுவாக்கில் "ஆயில்" என்றால், அது தேங்காய் எண்ணெயாக இருந்தாலும் அவள் சட்டென்று அகிலாவைப் பார்த்தாள். வியாழக்கிழமை மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்த கையோடு அவளே ஆரம்பித்துவிட்டாள். நோட்டில் எழுதின நோக்கத்திலிருந்து புளியமரம் வரை ஒன்றையும் விடாமல் சொன்னாள். மாடு மேய்க்கிற இடத்தில் வேதியியல் ஆசிரியர் கலியாணசுந்தரத்துக்குத் தயிர்சாதம் புரையேறிவிட்டது. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிற மனிதர். மணி அடித்த பிறகும் வராந்தாவில் அவர் சிரித்துக்கொண்டே போவது கேட்டது.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவர் அவளருகே வந்து நின்றார். சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"டீச்சர், நாலு வருஷம் முன்னாடி நான் கண்ணாடி தொடைக்க சோப்புத் தண்ணி கலந்து, அத ரேடியேட்டர்ல ஊத்திட்டேன்."

சுகாசினி பையைத் தோள் மாற்றிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"திருமுக்கூடல் கோயிலுக்குக் குடும்பத்தோட போயிக்கினு இருக்கோம். பானெட்டு இடுக்குல இருந்து நுரை. துணி தொவைக்கிற மாதிரி வருது. பாலத்து மேல நின்னவங்கள்லாம் வேடிக்கை பாக்குறாங்க."

"வீட்ல என்ன சார் சொன்னீங்க?"

"எங்க தெரு மெக்கானிக் பண்ண வேலன்னு சொன்னேன்."

"அந்த மெக்கானிக்?"

"அவரு நல்லாத்தான் இருக்காரு. எங்க வீட்டம்மாதான் இன்னிக்கும் அவரப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போவுது. ஏன்னு அவருக்குத் தெரியாது. யாரும் இல்லாதப்போ நான் மட்டும் வணக்கம் வெச்சிட்டு வந்துடறேன்."

"இன்னிக்கே வீட்ல சொல்லிடுங்க சார்."

அவர் உண்மையாகவே யோசித்தார். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது.

"எட்டு மாசத்துல ரிட்டயர் ஆயிடுவேன் டீச்சர். அப்புறம் பகல் பூரா வீட்லதான் இருக்கணும். இப்பப் போயி சொன்னா அது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சுகாசினி அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். பஸ் வந்து நின்றும் ஏறாமல் சிரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து கண்டக்டர் இரண்டாவது தடவையாக விசில் அடித்தார்.