மோசஸின் செம்புப் பாய்லர்

இஞ்சி தட்டிப் போட்ட மணம் ஹாலுக்குள் வந்ததும் ஞானமணி தலையைத் தூக்கினாள். சமையலறையில் யாரும் இல்லை. அடுப்பு துடைத்தது துடைத்தபடி கிடந்தது. மணம் வெளியே இருந்து வந்தது. எழுந்து ஜன்னல் திரையை விலக்கினாள். டிரைவ்வேயில் கேஸ் அடுப்பின் மேல் மோசஸின் செம்புப் பாய்லர் ஏறி உட்கார்ந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சபையைச் சேர்ந்த கண்மணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நீளக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் காலிப் பால் கேன்கள் உருண்டு கிடந்தன.

"எங்க எந்திரிக்கிய? உட்காருங்க ஆன்ட்டி" என்று பக்கத்தில் இருந்த பெண் தோளைப் பிடித்து அமுக்கினாள். ஞானமணி அந்தக் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

கணவர் மோசஸ் இறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. உடம்பு ஃப்யூனரல் ஹோமில் இருந்தது. மறுநாள் அடக்கம். சாயங்காலம் வீட்டில் ஜெபக்கூட்டம். ஹூஸ்டனை ஒட்டின இந்தக் கேட்டி ஊரில் இருக்கிற தமிழ்ச் சபை மொத்தமும் வரும், ஹூஸ்டனில் இருந்தும் வருவார்கள். அடக்கம் முடிகிறவரை துக்க வீட்டு அடுப்பில் உலை வைக்க மாட்டார்கள். அதனால் சபைப் பெண்கள் டீக்கான அடுப்பை வெளியே மூட்டியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் டீ போட ஒரு பாத்திரம் வேண்டுமே என்று தேடியபோது, கராஜில் குழாய் வைத்து, தாங்கி வைத்து, தகதகவென்று ஒன்று நின்றால் யாருக்குத்தான் கை போகாது?

பாய்லர் என்றால் நம் ஊர்க் குளியலறையில் நிற்குமே, அது இல்லை. வாஷிங் மெஷின் வருவதற்கு முன்னால் இந்த ஊர்க்காரர்கள் துணி அவித்த பாத்திரம். முட்டை வடிவத்தில், ஒரு ஆட்டை அப்படியே உள்ளே படுக்கவைக்கலாம் போல இருக்கும். கேட்டியைத் தாண்டிப் போகிற வழியில் ஒரு பழைய பண்ணை வீட்டில் சாமான்களை விற்றபோது மோசஸ் வாங்கி வந்தார். பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. "வெள்ளைக்காரன் கோவணம் அவிச்ச சட்டிடி இது. இதுல நான் என்ன காய்ச்சப் போறேன் பாரு" என்று சிரித்தார். ஞானமணி புளியும் உப்பும் போட்டு ஒரு வாரம் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க உள்ளே இருந்து சிவப்பு எழும்பி வந்தது.

மோசஸ் பைப் ஃபிட்டர். இருபது வயதில் வெல்டிங் டார்ச்சைப் பிடித்த கை. துபாயில் பிடித்தது, பிறகு ஹூஸ்டனில் பிடித்தது. அந்தப் பாய்லரின் அடியில் ஓட்டை போட்டுக் குழாய் மாட்டினார். பார்லி உமி குழாயை அடைக்காமல் இருக்க உள்ளே சல்லடைத் தகடு போட்டார். பக்கத்தில் சூடு பார்க்கக் கடிகாரம் போல ஒரு மானியைப் பதித்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் ஹார்ட்வேர் கடையில் விற்கிற, காரீயம் இருக்கிறதா என்று பார்க்கிற சின்னக் குச்சி ஒன்றை வாங்கி வந்து, தகடும் தகடும் சேருகிற இடத்தில் தேய்த்துப் பார்த்தார். குச்சி சிவந்தது. தகடுகளை ஒட்டியிருந்த பழைய காலத்துப் பற்று, அத்தனையும் காரீயம்.

"இது மூளையைத் தின்னும். எல்லாத்தையும் உருக்கி எடுத்துட்டு வெள்ளிப் பற்று வைக்கணும். அதுவரைக்கும் இதுல ஒரு சொட்டுத் தண்ணி கொதிக்கப்பிடாது கேட்டியா?" என்று ஞானமணியிடம் சொன்னார்.

பக்கத்தில் நெடுக நிற்கிற மூட்டில் பற்றை மாற்றி முடித்துவிட்டார். அடி மூட்டில் பாதி வந்திருந்தார். நேற்றுக் காலை காபி கொண்டுபோனபோது ஸ்டூலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டாள். தொட்டாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள். அவர்கள் போன பிறகு கராஜில் தனியாக நின்றபோதுதான் ஞானமணி அதைக் கவனித்தாள். டார்ச்சின் வால்வு மூடியிருந்தது. சிலிண்டரும் மூடியிருந்தது. கண்ணாடியைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்திருந்தார். நெஞ்சு அடைக்கிற நேரத்திலும் எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் மனிதர் உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது அவள் நேராகப் போய் அடுப்பின் குமிழைத் திருகி அணைத்தாள்.

"மைனி! என்ன செய்யிய?"

"யாராவது குடிச்சாச்சா?"

"இன்னும் சீனியே போடல. நீங்க எதுக்கு வெளிய வந்திய? உள்ள போங்க."

ஞானமணி குனிந்து குழாயைத் திறந்தாள். டீ குபுகுபுவென்று டிரைவ்வேயில் விழுந்து சரிவைப் பார்த்து ஓடியது. கண்மணி துள்ளிப் பின்னால் போனாள்.

"ஐயோ, எவ்வளவு பாலு! ஏ, யாராவது மைனியப் பிடிங்க. மயக்கம் வருது போல."

"எனக்கு ஒரு மயக்கமும் இல்ல. கண்மணி, இதோட அடியில பழைய பற்று இருக்கு. காரீயம். சின்னப் பிள்ளைங்க குடிக்கிறது, வேண்டாம்."

"ஈயந்தானே? எனக்க அம்மை ஈயச் சட்டியிலதான் ரசம் வைப்பா. உள்ள அடியில சாம்பல் கலரா தெரிஞ்சதும் அண்ணன் நம்ம ஊருப் பாத்திரம் மாதிரி பூசி வச்சிருக்காருன்னுல்லா நெனச்சேன்."

"அது வெள்ளீயம். ஒண்ணும் செய்யாது. இது வேற. அவரே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுச் சொன்னாரு."

கண்மணி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் மகன் சுபினுக்குத்தான் ஞானமணியின் மகள் ரெனிஷாவைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணம் பேச வந்த அன்றுதான் இந்தப் பாய்லரை முதலில் பார்த்தாள். "சர்ச்சுக்கா அண்ணே? அசன விருந்துக்கு டீ போடவா?" என்று கேட்டாள். மோசஸ் சிரித்துக்கொண்டே "முதல்ல முடியட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்மணி அதைச் சபை முழுக்கச் சொல்லிவிட்டாள். அவர் பெயரைப் பொறித்து சமையல் கூடத்தில் வைக்கலாம் என்று காலையில்கூடப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ..." கண்மணி குரலை இறக்கினாள். இறக்கின குரல் எல்லாருக்கும் கேட்டது. "சர்ச்சுக்குன்னு செஞ்ச பாத்திரத்துலயா அண்ணன் இப்படி வெஷத்த விட்டு வச்சிருந்தாரு?"

ரெனிஷா மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றாள்.

"போட்டும் மைனி" என்று கண்மணியே முடித்தாள். அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "வயசாயிட்டுல்லா. கண்ணு பிடிச்சிருக்காது, கை தடுமாறியிருக்கும். நல்ல மனசோடதான செஞ்சாரு. நாங்க யாரும் ஒரு வார்த்தை குத்தம் சொல்ல மாட்டோம்."

நல்ல வார்த்தைதான். அதை வாங்கி வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஞானமணிக்குத் தெரியும். பாய்லர் கராஜுக்குத் திரும்பிப் போகும். கல்யாணம் நடக்கும். நாளைக்குச் சவப்பெட்டிக்கு முன்னால் பாஸ்டர் அவரைச் சபைக்காகவே வாழ்ந்தவர் என்பார். கை தடுமாறின கிழவர் என்று சமையல் கூடத்தில் ஒரு பேச்சு மட்டும் மிஞ்சும். அன்பாகத்தான் சொல்வார்கள். முப்பது வருஷம் அந்தக் கை வைத்த வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பெனிக்காரன் எண்ணெயைக் குழாய்க்குள் விடுவான். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

"அவருக்குக் கண்ணு நல்லாவே தெரியும்" என்றாள். "கையும் தடுமாறல. அவருதான் அந்தக் காரீயத்தக் கண்டுபிடிச்சாரு. அவருதான் உருக்கி எடுத்துக்கிட்டு இருந்தாரு. எடுத்து முடிக்கல, அவ்வளவுதான். இன்னொண்ணு, இது சர்ச்சுக்குச் செஞ்சது இல்ல. பீர் காய்ச்சதுக்காக்கும்."

"என்னது?"

"பீரு. பார்லிய வேக வச்சு, கஞ்சிய இறுத்து, காய்ச்சி, புளிக்க வைக்கணும். இந்தா இந்தச் சல்லடை உமிய நிறுத்த. டீக்கு எதுக்கு இது?"

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி ஆவலாகச் சல்லடையை எட்டிப் பார்த்தாள்.

"மெதுவா மைனி. பாஸ்டர் வந்து நிக்காரு."

பாஸ்டர் ஆட்ரியன் காரில் இருந்து இறங்கி, பைபிளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, காலை நோக்கி ஓடிவருகிற டீயைப் பார்த்தபடி நின்றிருந்தார். ரெனிஷாவைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்.

"அவருக்கும் சேத்துதான் சொல்லுதேன். பாஸ்டர், மோசஸ் சனிக்கிழமை ராத்திரி ஒரு கிளாஸ் பீர் குடிப்பாரு. ரெண்டாவது கிளாஸ நான் பாத்ததில்ல. ஞாயித்துக்கிழமை உங்க முன்னாடி முதல் வரிசையில நின்னு பாடுவாரு. ரெண்டும் ஒரே ஆளுதான்."

பாஸ்டருக்குக் காது சிவந்துவிட்டது. "ஆன்ட்டி, நாளைக்கு அடக்கத்துல குடுக்கிற மெசேஜ்ல நான் இந்த பாய்லர பத்திதான் ப்ரிப்பேர் பண்ணி வச்சிருக்கேன்."

"அத எடுத்திருங்க."

"அப்ப என்ன சொல்லட்டும்?"

ஞானமணி பாய்லரைப் பார்த்தாள். "எடுத்த வேலைய அவரு பாதியில விட்டதில்ல. இது ஒண்ணுதான் பாதியில நிக்கி. அதச் சொல்லுங்க."

பாஸ்டர் குனிந்து பாய்லரைப் பார்த்தார். பிறகு ஷூவை எட்டி வைத்து டீயைத் தாண்டி உள்ளே போனார்.

கண்மணி சேலையை இடுப்பில் இருந்து எடுத்துவிட்டாள். கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டாள். "சுபின், கார எடு" என்றாள். ஞானமணியைப் பார்க்கவில்லை. நாற்காலி விரித்துக்கொண்டிருந்த சுபின் ரெனிஷாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், சாவியை எடுத்தான். கார் பின்னால் போய்த் திரும்பித் தெருமுனையில் மறைந்தது.

ரெனிஷா அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, யூ டிடின்ட் ஹாவ் டு சே தட்."

"சொல்லணும் மக்களே."

"அவங்க இனிமே..."

"அது அவங்க பாடு. உனக்க அப்பாவப் பத்தி நாளைக்கு நாலு பேரு வாயில நீ என்ன கேக்கணும்னு நான் பாக்கணும்லா."

ரெனிஷா கையில் இருந்த நாற்காலியை விரித்தாள். அடுத்ததை எடுத்தாள். அம்மாவும் மகளும் சேர்ந்து பாய்லரை அடுப்பில் இருந்து இறக்கி, தண்ணீர் விட்டு அலசி, கராஜுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். கனமாகத்தான் இருந்தது. உதவிக்கு வந்தவர்களை ஞானமணி வேண்டாம் என்றாள்.

வெயில் சாய ஆரம்பித்தது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் கார் நிறைந்தது. டீ டிரைவ்வேயை அறுத்துக்கொண்டு கால்வாய் ஓரம்வரை ஓடி, சிமென்ட்டில் அகலமாக ஒரு பழுப்புத் தடத்தைப் போட்டிருந்தது. இன்னும் காயவில்லை. வந்தவர்கள் என்ன இது என்று பார்த்தார்கள். கேட்கிற வீடு இல்லையே இது. வேட்டியைத் தூக்கி, சேலையைத் தூக்கி, பிள்ளைகளைக் கையில் தூக்கித் தாண்டி வந்தார்கள். மோசஸின் ஒர்க்‌ஷாப் ஆட்கள் மூன்று பேர் பூட்ஸோடு வந்தார்கள். அவர்கள் மட்டும் அதன் மேலேயே மிதித்து வந்தார்கள்.

ஞானமணி மறுபடியும் சோபாவில் போய் உட்கார்ந்தாள். இப்போது யாரும் அவள் தோளைப் பிடித்து அமுக்கவில்லை. சுற்றி இருந்த பெண்கள் பேசுவதை நிறுத்திவிட்டு அவளுக்கு இடம் விட்டார்கள். அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கை கொடுத்தாள். பாஸ்டர் மூலையில் நின்று போனில் எதையோ அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தார்.

முதல் பாட்டு பாதி ஆனபோது வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஜன்னல் திரை விலகியபடியே இருந்தது. கண்மணி இறங்கினாள். டிக்கியைத் திறந்து, ஒரு ஆள் உள்ளே உட்காரலாம் போன்ற பெரிய எவர்சில்வர் பானையை அவளும் சுபினும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கினார்கள். பானைக்குள் பால் கேன்கள் முட்டிக்கொண்டு சத்தம் போட்டன.

"ஏ ரெனிஷா" என்று கண்மணி அங்கே இருந்தே, பாட்டு நடக்கிறதென்றும் பாராமல், கத்தினாள். "இஞ்சி மீதி இருக்கா மக்களே?"

ரெனிஷா பாட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து ஓடினாள்.

டீ ஓடின தடத்துக்கு வந்ததும் கண்மணி ஒரு நொடி நின்றாள். பிறகு ஒரு கையால் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, மறு கையில் பானை சாயாமல், அதைத் தாண்டினாள்.