ஐந்தாம் ஆளின் இடது கை

ஐந்தாம் ஆளின் இடது கை எங்கே போயிற்று என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. அந்தக் கை எதைப் பிடித்திருந்தது என்பதில்தான், சனிக்கிழமை காலை பத்து மணிக்கே, போலந்தின் குட்னோ நகரக் கலாச்சார இல்லத்தின் அடித்தளத்தில் சண்டை மூண்டுவிட்டது.

மேசையில் கிடந்த படத்தில் கழுத்திலிருந்து பூட்ஸ் வரை ஒரு போலந்துக் காலாட்படைச் சிப்பாய் நின்றிருந்தான். தோட்டாப் பைகள், மண்வெட்டி, ரொட்டிப் பை, முழங்கால் வரை சுற்றிய பட்டித்துணி எல்லாம் ஒழுங்காக இருந்தன. இடுப்புக்குப் பின்னாலிருந்து மட்டும் கட்டம் போட்ட துணி ஒன்றின் நுனி எட்டிப் பார்த்தது.

"பூட்ஸுக்குள்ள கால்ல சுத்துற துணிதான்" என்றான் செவெரின். ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். வரும்போதே ஒரு பை நிறைய ஜாம் வைத்த போண்டாவோடு வருவான். "ஆகஸ்ட் வெயில்ல கழட்டியிருப்பான். நாத்தம் தாங்காம போட்டோக்காரனே பின்னால வைடான்னிருப்பான்."

"கால் துணி வெள்ளை. கட்டம் கிடையாது." பான் இக்னாசி பூதக்கண்ணாடியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். அங்கே 'பான்' என்றால் ஐயா, 'பானி' என்றால் அம்மா. நாற்பது வருஷம் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்தவர். பச்சையா சிவப்பா என்று தெரியாத எதையும் அவரால் சகித்துக்கொள்ள முடியாது. "சமிக்ஞைத் துணி இல்ல. துப்பாக்கி துடைக்கிற துணி இல்ல. பட்டியல்ல இருக்கிற எதுவுமே இல்ல. அப்ப அது சிப்பாயோட சாமானே இல்ல."

"அப்ப என்ன பான் இக்னாசி, அவன் பாட்டி பாவாடையா?"

"வாய்ல போண்டாவ வை, செவெரின்."

எடிட்டா கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாம் ஆள் அவளுடையவன். ஐந்து சென்டிமீட்டர் உயரம். கம்பி எலும்பு, அதன் மேல் பிசின் களிமண் சதை. நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு.

விஷயம் இதுதான். சந்தையில் பழைய சாமான் விற்கிறவனிடம் கிடைத்த ஒரு புகைப்படத்தில் ஆறு சிப்பாய்கள் ஒரு தானியக் கொட்டகைச் சுவரோரம் நிற்கிறார்கள். பின்புறம் பென்சிலில் 'ஆகஸ்ட் 39' என்று மட்டும் எழுதியிருந்தது. பெயரில்லை, ஊரில்லை. அந்தக் காட்சியை அப்படியே சிறு உருவங்களாகச் செய்து, போர் மூண்ட நாளான செப்டம்பர் முதல் தேதியன்று நகர அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார்கள். ஆளுக்கொரு சிப்பாய். பான் இக்னாசி படத்தைப் பெரிதாக்கி, ஆள் ஆளாக வெட்டி, பொத்தான் எண்ணுவதற்கு வசதியாகக் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். தலைகளைத் தரவில்லை. தலைக்கு அச்சு இருந்தது. போன வருஷம் எடிட்டாவே செய்து கொடுத்தது. ஆறு உடம்புக்கும் அதே முகம்.

அவள் பல் கட்டும் கூடத்தில் வேலை செய்கிறவள். கடைவாய்ப் பல்லின் பள்ளத்தையே செதுக்குகிற விரல்களுக்குச் சிப்பாயின் மூக்கு ஒரு பொருட்டா? மூன்று வருஷமாக இந்தக் கூட்டத்தின் மூக்கு, காது, கட்டைவிரல் எல்லாம் அவள் உபயம். ஆனால் முழு உருவம் இதுதான் முதல். இன்னொன்றும் பாக்கி இருந்தது. இங்கே புதிதாக வருகிற எவனும் மூன்று மாதத்தில் பான் இக்னாசியோடு கைகோத்து ஒரு கிண்ணம் செர்ரி மது குடித்துவிடுவான். அன்றிலிருந்து அவரும் அவனை 'நீ, வா, போ' என்று பேசுவார். அவளுக்கு மூன்று வருஷமாகியும் 'பானி எடிட்டா, நீங்க' தான். அது மரியாதை இல்லை, வாசலிலேயே நிற்க வைப்பது என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"பானி எடிட்டா" என்றார் இப்போது. "வியாழக்கிழமை உருவங்களை ஒட்டுறோம். அதுக்குள்ள அந்தத் துணி என்னன்னு நிரூபிங்க. இல்லாட்டி கையை முன்னால நேரா தொங்கவிடுங்க. தெரியாததை நான் அருங்காட்சியகத்துல வைக்க மாட்டேன்."

"படத்துல கை பின்னாலதானே இருக்கு?"

"படத்துல இருக்கு. பட்டியல்ல இல்ல."

திங்கட்கிழமை முழுக்க அவள் யாரோ ஒருவரின் மேல்வரிசைப் பல்லை மெழுகில் வார்த்துக்கொண்டே அந்தத் துணியை நினைத்தாள். அவள் வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. அவளுக்கு வருவது எல்லாம் அச்சுகள்தான், ஆள் வருவதில்லை. ஆனாலும் ஒரு தாடையைப் பார்த்தே இவர் எந்தப் பக்கம் மெல்லுகிறார், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாரா என்று சொல்லிவிடுவாள். இந்தச் சிப்பாயைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? பொத்தான் ஏழு. கொக்கி ஒன்று. பதினைந்து நாளாக ஒருவனைச் செய்துகொண்டிருக்கிறோம், அவன் மூஞ்சியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லையே? கையிலிருந்த மெழுகுக் கத்தியை அப்படியே கீழே வைத்தாள்.

மாலை ஐந்து மணிக்கு பான் இக்னாசியின் வீட்டு மணியை அடித்தாள். அவர் வெள்ளரிக்காயை உப்புநீர் ஜாடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். விரலில் சதகுப்பைத் தழை ஒட்டியிருந்தது.

"எனக்கு முழுப் படம் பார்க்கணும்."

"உங்களுக்கு வேண்டியதெல்லாம் வெட்டிக் குடுத்துட்டேனே."

"வேண்டாததைப் பார்க்க வந்தேன்."

முறைத்தார். கை கழுவினார். அலமாரியைத் திறந்து, ரயில்வே முத்திரை போட்ட கோப்பிலிருந்து உறையை எடுத்து, ஜன்னலோரம் வைத்தார். உள்ளங்கை அகலப் படம். எடிட்டா தன் வேலைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

முதல் ஆள் சிரிக்கிறான். இரண்டாமவன் கண்ணை மூடிவிட்டான். நான்காமவனுக்குக் காது பெரிது. ஐந்தாமவன்... ஐந்தாமவனின் இரும்புத் தொப்பியின் வார் மாட்டப்படாமல் காதோரம் தொங்கியது. வாயை இறுக்கி மூடியிருந்தான். வலது கன்னம் ஒழுங்காக இருந்தது. இடது கன்னம், கீழ்த்தாடையிலிருந்து கண் வரை, ஒரு கோழி முட்டையை அதக்கிக்கொண்டது போல உப்பியிருந்தது.

"அடப்பாவி" என்றாள் எடிட்டா, அவனைப் பார்த்து.

"என்ன?"

"கீழ்க் கடைவாய்ப் பல்லு. சீழ் கட்டியிருக்கு. ரெண்டு நாளாவது தூங்கியிருக்க மாட்டான். வாரை மாட்டினா உயிர் போகும், அதான் தொங்குது." அவள் நிமிர்ந்தாள். "பான் இக்னாசி, பல்லு வலிச்சா உங்க அப்பா காலத்துல என்ன பண்ணுவாங்க?"

அவர் கை, அவரை அறியாமல், தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலைக்குப் போய் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டியது. பாதியில் நின்றது.

"தலைத்துணி" என்றார்.

"பொம்பளைங்க கட்டுற தலைத்துணி. போட்டோ எடுக்கிறேன்னதும் அவுத்துட்டான். எங்க வைப்பான்? முதுகுக்குப் பின்னால."

பான் இக்னாசி படத்தின் மேல் குனிந்தார். அந்தப் படத்தை அவர் வைத்திருக்க ஆரம்பித்து எட்டு மாதம். அந்தக் கொட்டகைச் சுவரில் எத்தனை பலகை என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார். காது மடல் சிவந்தது.

"சரி, இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா வைக்க முடியாது."

"ஏன்? நிரூபிச்சாச்சே!"

"பள்ளிக்கூடத்துப் பசங்க வருவாங்க, பானி எடிட்டா. சிரிப்பாங்க. போர் மூண்டு ரெண்டு வாரத்துல அந்த ஆறு பேர்ல எத்தனை பேர் உயிரோட இருந்தாங்களோ. கன்னம் வீங்கி, பொம்பளைத் துணியை ஒளிச்சுக்கிட்டு நிக்கிறவனா அவனைக் காட்டணும்?"

"அவன் அப்படித்தானே நின்னான்?"

"கை நேரா" என்றார் அவர். உறை கோப்புக்குள் போயிற்று.

எடிட்டா இரண்டு கை செய்தாள். ஒன்று, அவர் சொன்னபடி நேராகத் தொங்குவது. விரல்கள் கால்சட்டைத் தையலைத் தொடும் அளவுக்குச் சுத்தம். இன்னொன்று, முழங்கை மடங்கிப் பின்னால் போவது. இரண்டின் தோளிலும் மெல்லிய கம்பி. எதை வேண்டுமானாலும் செருகலாம், பிடுங்கலாம். தலையை அச்சில் வார்க்கவில்லை. பல்லுக்குப் பூச்சு தடவும் மெல்லிய கருவியால் இடது கன்னத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். அதிகமானால் கோமாளியாகிவிடுவான், குறைந்தால் அச்சு முகமாகிவிடுவான். மூன்று முறை வழித்துப் போட்டாள். நான்காவது முறை அவன் வலியை மறைக்க ஆரம்பித்தான். அங்கே நிறுத்தினாள்.

வியாழக்கிழமை மதியம் அருங்காட்சியகக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது. கொட்டகைச் சுவர், குதிரை வண்டி, வைக்கோல், ஐந்து சிப்பாய்கள். ஐந்து பேருக்கும் ஒரே முகம்.

"ஒரே அம்மா ஒரே பிரசவத்துல பெத்துட்டாளா?" என்றான் செவெரின். முதல்முறையாக யாரும் சிரிக்கவில்லை.

எடிட்டா பின்னால் வளைந்த கையைச் செருகி, ஐந்தாம் ஆளைச் சுவரோரம் நிறுத்தினாள். நேரான கையை ஒரு தீப்பெட்டியில் வைத்து பான் இக்னாசியிடம் நீட்டினாள். "நீங்க சொன்ன கை. மாத்துறதுன்னா நீங்களே மாத்துங்க. நான் பண்ண மாட்டேன்."

அவர் தீப்பெட்டியை வாங்கி, இடுக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவர் மூச்சுக்காற்றில் ஒரு வைக்கோல் நகர்ந்தது. இடுக்கி அந்தச் சின்னத் தோளுக்கு அருகே போய் நின்றது. முகத்துக்கு நேரே முகம். ஒரு நிமிஷம் ஆயிற்று. செவெரின் போண்டா மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"பின்னால என்ன செஞ்சிருக்கீங்கன்னு தெரியலையே" என்றார், இடுக்கியை விலக்காமல்.

"சுவர்ப் பக்கம்தானே. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியணும்."

அவள் கோட்டுப் பையிலிருந்து பல் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். நீண்ட காம்பு, நுனியில் காசளவு வட்டம். பான் இக்னாசி இடுக்கியைக் கீழே வைத்தார். வலது மண்டியை மெதுவாகத் தரையில் ஊன்றி, பழைய முழங்கால் சடக்கென்று சொல்ல, கண்ணாடியைச் சிப்பாய்க்கும் சுவருக்கும் நடுவே நுழைத்தார்.

"வெளிச்சம் குடு, எடிட்டா" என்றார்.

செவெரின் திரும்பி அவளைப் பார்த்தான். கிண்ணமும் இல்லை, செர்ரி மதுவும் இல்லை. எடிட்டா கைபேசி விளக்கைப் போட்டு, அவர் தோளுக்கு மேலாகப் பிடித்தாள்.

சின்ன வட்டத்துக்குள், அரிசி முனையளவு விரல்கள் கசங்கிய துணியை இறுகப் பிடித்திருந்தன. சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம். நுனியில் பாதி மட்டும் அவிழ்ந்த ரெட்டை முடிச்சு.

"இது அவனே போட்ட முடிச்சு இல்லையே" என்றார் பான் இக்னாசி, மெல்ல. "தலைக்கு மேல, தன் கையால இப்படி ரெட்டை முடிச்சு போட வராது. யாரோ கட்டிவிட்டிருக்காங்க."

"ஆமா."

"யாரு?"

"தெரியலை."

தீப்பெட்டி அவருடைய சட்டைப் பைக்குள் போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார்; அதற்குள் அந்தத் துணி ஒரு முறை மறைந்தது, ஒரு முறை தெரிந்தது.