பால்முள்ளின் காது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முப்பத்தொரு வருடம் ஒரு கப்பல் கம்பனியில் சரக்குப் பத்திரங்களில் எழுத்துப்பிழை பிடிப்பதுதான் என் வேலை. ஓர் எழுத்து மாறினாலும் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும் என்பதால் அங்கே என் வாய்க்கு மரியாதை இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போதுதான் களைகளைப் படமெடுக்கத் தொடங்கினேன்.

முகநூலில் 'சுவரோரப் பூக்கள்' என்று ஒரு குழு இருக்கிறது. கொழும்பில் வடிகால் விளிம்பிலும் ரயில் பாதையோரத்திலும் யாரும் நடாமல் முளைப்பவற்றைப் படமெடுத்து, என்ன செடி என்று பேர் எழுதிப் போட வேண்டும். இன்னும் இரண்டு பேர் சரியென்றால் அந்தப் பேர் நிலைக்கும். ஒரே வருடத்தில் அந்தக் குழுவில் நான் வைத்ததுதான் சட்டம் என்றாகிவிட்டது. 'பேர்ணடெற் மிஸ் என்ன சொல்லுறா?' என்று என் பேரைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். எனக்கும் அது இனித்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

மஞ்சள் பூக்கள்தான் பெரிய தொல்லை. சின்னச் சூரியன் மாதிரி ஒரு பூ, பிறகு பஞ்சாகிப் பறந்துவிடும். அப்படி ஏழெட்டுச் செடிகள் இருக்கின்றன. அதில் ஒன்றை ஆங்கிலத்தில் சவ் திசில் என்பார்கள். தமிழில் எங்களுக்குப் பேர் அகப்படவில்லை. கிள்ளினால் பால் வடிகிறது, இலை ஓரத்தில் முள் இருக்கிறது என்று நாங்களே பால்முள் என்று வைத்துக்கொண்டோம். அதிலும் மிருதுவானது, முரடானது என்று இரண்டு. இலை தண்டைக் கட்டிப் பிடிக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் காது மாதிரி ஒரு மடல் இருக்கும். காது கூர் என்றால் மெதுப் பால்முள். காது உருண்டை என்றால் முரட்டுப் பால்முள். முரட்டுப் பால்முள் குளிரை விரும்புவது. நுவரெலியாவில் முட்டைக்கோவாப் பாத்திகளுக்குள் நிற்கும். கொழும்பில் யாரும் கண்டதாக எங்கள் குழுவில் ஒரு பதிவும் கிடையாது.

போன மாதம் ராசிக் நானா ஒரு படம் போட்டார். வெள்ளவத்தையில் மருந்துக்கடை வைத்திருந்து, கடையை விற்றுவிட்டு வீட்டில் இருப்பவர். ஒருமுறையும் நேரில் கண்டதில்லை. வயதில் மூத்தவர் என்பதால், முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நானா என்பேன். அவருடைய படங்கள் எப்போதும் கோணல். பூவில் பாதி வெளியே போயிருக்கும், அவருடைய விரல் மட்டும் நடுவில் நிற்கும். இந்தப் படத்திலும் அப்படித்தான். கடலோர மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், மதிலுக்கும் வடிகாலுக்கும் இடையிலுள்ள சீமெந்து வெடிப்பில் ஒரு மஞ்சள் பூச்செடி. காது இருக்க வேண்டிய இடத்தை விரல் மறைத்திருந்தது. கீழே 'முரட்டுப் பால்முள்' என்று எழுதியிருந்தார்.

நான் சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். நுவரெலியாக் குளிரில் நிற்பது வெள்ளவத்தை உப்புக் காற்றுக்கு வந்து என்ன செய்யும் என்று கேட்டேன். ஐந்து பேர் என் பக்கம். அவர் விடவில்லை. 'காது உருண்டைதான்' என்று திரும்பவும் எழுதினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவருடைய அந்த வரிக்குக் கீழேயே இப்படி எழுதினேன்:

'ராசிக் நானா, விரலைப் படமெடுத்துப் போட்டிட்டு காதைப் பற்றிக் கதைக்கிறீங்கள். உங்களுக்குக் கண் தெரியாதா?'

பதினேழு பேர் சிரித்த முகம் போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் எழுதவில்லை. செடிக்கு மெதுப் பால்முள் என்று பேர் நிலைத்தது.

அதோடு விட்டிருக்கலாம். வெற்றி போதாமல், காதைத் தெளிவாகப் படமெடுத்து அவர் முகத்தில் கரி பூசவேண்டும் என்று, மூன்றாம் நாள் கோட்டையில் ரயிலேறி வெள்ளவத்தையில் இறங்கினேன். ஒழுங்கையைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. செடியும் அப்படியே நின்றது. குனிந்து இலையை விலக்கினேன். முள் சுருக்கென்று குத்தியது.

காது உருண்டை. ஒட்டிச் சுருண்டு, சந்தேகத்துக்கு இடமே வைக்காமல், உருண்டை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் குந்தியிருந்தேன் என்று தெரியாது. ஒரு படம் எடுத்து 'நான் பிழை, நானா சரி' என்று எழுதினால் முடிந்தது. முப்பத்தொரு வருடம் மற்றவர்களைக் கொண்டு செய்வித்த வேலைதான் அது. நான் அதைச் செய்யவில்லை. ஒழுங்கையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. தண்டை அடியில் பிடித்து இழுத்தேன். வேரோடு வந்தது.

கையெல்லாம் பால். வீட்டுக்கு வருவதற்குள் அது காய்ந்து மண்ணிறமாகி, நகக்கண்ணில் நான்கு நாள் நின்றது. செடியையாவது வழியில் எறிந்திருக்கலாம். ஆனால் எந்தப் பத்திரத்தையும் கிழித்தெறிந்து பழகாதவள் நான். கோயில் திருவிழா மலர்ப் புத்தகம் ஒன்றுக்குள் வைத்து, மேலே தையல் மெஷினின் மூடியைப் பாரமாக ஏற்றினேன். அந்த ஞாயிறு பூசையில் பாவத்தோடு நற்கருணைக்கு எழும்ப மனமில்லாமல் மர வாங்கிலேயே இருந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவளிடம் கால்நோ என்று சொன்னேன். அது பொய்.

மூன்று வாரம் கழித்து ஒரு போன் வந்தது. "நான் ஹபீலா பேசுற. ராசிக்கிட வைஃப்," என்றது ஒரு பெண் குரல். "அவருக்கு உங்கள ஒருக்கா சந்திக்கணுமாம் மிஸ். வர ஏலுமா?"

ஏசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். ஏச்சு வாங்கினால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்றும் நினைத்தேன். திருவிழா மலருக்குள் இருந்த செடியை ஒரு பைலில் வைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். சொல்லத் துணிவு வந்தால் எடுப்போம், வராவிட்டால் மூடிக்கொண்டு திரும்புவோம் என்பதுதான் என் திட்டம்.

மூன்றாம் மாடியில் அவர்களுடைய வீடு. கதவைத் திறந்த ஹபீலாவுக்குப் பின்னால், நெடுநெடுவென்று ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு முழம் தள்ளி, கதவு நிலைக்குப் போனது. கதிரையின் முதுகைக் கையால் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

படங்களில் எப்போதும் நின்ற அந்த விரல் ஏன் நின்றது என்று அப்போதுதான் விளங்கியது.

"குளுக்கோமா மிஸ்," என்றார் அவரே. "ரெண்டு கண்ணும் ஆறு மாசமா சுத்தமா இல்ல. நான் தொட்டுப் பாத்து பேர செல்ற, ஹபீலா படம் எடுத்து எழுதிப் போடுற. நீங்கெல்லாம் என்ன எழுதினாலும் அவ எனக்கு வாசிச்சு காட்டுற."

நான் ஹபீலாவைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு நேருல நன்றி செல்லணும்டு தான் வரச் சென்ன," என்றார் ராசிக் நானா. "எல்லாரும் எனக்கு எதிரா நின்ட நேரம், நீங்க மட்டும் தானே நானா செல்றது சரிண்டு எழுதின. ஹபீலா வாசிக்கக்குள்ள எனக்கு அழுகையே வந்த மிஸ். கண் போனாலும் என்ட வேல போகல்லண்டு ஈந்திச்சி."

ஹபீலா நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. உள்ளதைச் சொன்னால் என்னுடைய அநியாயத்தோடு ஹபீலாவின் பொய்யும் வெளியே வரும். கணவன் மனம் நோகக்கூடாதென்று சொன்ன பொய் அது. நான் செய்ததை மூடிமறைக்க எனக்கு இதைவிட நல்ல சாட்டு கிடைத்திருக்காது. தேத்தண்ணியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு வெந்தது.

"அந்தச் செடிக்கிட்ட போவமா?" என்றார் ராசிக் நானா. "நீங்க காத தெளிவா ஒரு படம் எடுத்துப் போட்டா மத்தவங்களும் நம்புவாங்க."

வேண்டாம் நானா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வாய்!

ஹபீலாவின் தோளில் கை வைத்து அவர் படி இறங்கினார். நான் பின்னால் போனேன். கீழே ரயிலொன்று தெஹிவளைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மதிலடிக்கு வந்ததும் அவர் கையை மதிலில் வைத்து, அடி அடியாக நகர்ந்து, சரியான இடத்தில் குந்தினார். விரல்கள் வெடிப்பு வழியே போயின. ஒருமுறை போய்த் திரும்பின. மறுபடியும் போயின.

"இல்லியே," என்றார்.

"முனிசிபல்காரங்க வெட்டியிருப்பாங்க," என்றார் ஹபீலா.

"இல்ல. அவங்க மெஷினால வெட்டுற. வெட்டினா அடிக்கட்ட மிஞ்சும்." சுண்டுவிரலை வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தார். "இதுல வெறும் ஓட்ட தான் ஈக்கிது. ஆரோ கையால, வேரோட புடுங்கியிருக்கிற." விரலை எடுத்து மண்ணை ஊதினார். "மருந்துக்கு எடுத்திருப்பாங்க. பாவம், என்ன வருத்தமோ."

பிடுங்கியவளுக்காக அவர் பாவப்பட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நானா, நான்தான் பிடுங்கினனான்."

கைப்பையைத் திறந்து செடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். காய்ந்த இலை சரசரத்தது. விரல் தண்டில் ஏறி, இலை சேரும் இடத்தில் நின்றது. பெருவிரலால் அதை இரண்டு தரம் தடவினார்.

"உருண்ட," என்றார். முகம் மலர்ந்தது. பிறகு அந்த மலர்ச்சி மெல்ல நின்றது. "ஆனா ஏன் மிஸ்? நீங்க தான் சரிண்டு சென்னீங்களே. பிறகு என்னத்துக்குப் புடுங்கின?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஹபீலா முந்திக்கொண்டார்.

"அவங்க சரிண்டு செல்லல்ல," என்றார். "நான் தான் உங்களுக்குப் பொய் சென்ன."

ஒழுங்கையால் ஒரு திரீவீல் போனது. அது போனதும் நானா ஹபீலாவின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அப்ப என்ன எழுதியிருந்த?"

ஹபீலா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"மிஸ், நீங்களே வாசிங்க," என்றார் நானா.

ஹபீலா தன் போனில் அந்தப் பதிவைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார். எழுதும்போது ஒரு நிமிடம்கூட எடுக்காத வரிகள். ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாக வாசித்தேன். 'உங்களுக்குக் கண் தெரியாதா?' என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஆனாலும் வாசித்து முடித்தேன். பதினேழு பேர் சிரித்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன்.

"என்னை மன்னியுங்கோ நானா. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா—"

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டீங்க. ஆனா செடியப் புடுங்கி ஈப்பீங்க தானே?"

அவர் சொன்னது சரி. கண்ணைப் பற்றி எழுதியது அறியாமல் செய்தது. செடியை அறிந்துதான் பிடுங்கினேன்.

அவர் எழும்பிக் காற்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். செடியைப் பத்திரமாக இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்தக் கேள்விக்கு ஆரும் பதில் போடல்லியா?" என்று கேட்டார்.

"இல்ல நானா."

"கேட்டா பதில் செல்லணும் தானே. ஹபீலாட போன் உங்கட கைல தானே ஈக்கிது? நான் செல்ற, நீங்க எழுதுங்க."

ஹபீலா தலையசைத்தார். என் கேள்விக்குக் கீழே, ராசிக் நானாவின் பேரில், பதில் எழுதும் பெட்டியைத் திறந்தேன்.

"தெரியாது," என்றார் அவர்.

தெரியாது என்று எழுதினேன். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"ஆனா காது உருண்ட."

அதையும் எழுதினேன். ஆயுசில் முதல் தடவையாக ஓர் எழுத்தையும் திருத்தாமல் அனுப்பினேன். என் கைப்பைக்குள் என்னுடைய போன் டிங் என்றது.