உறி என்றால் நூறு

என் வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தியைச் செஞ்சி பஜாரில் விசாரித்தால், "ரேடியோ புலவரா?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் பட்டணம் போய், வானொலியில் பத்து நிமிஷம் சொற்களைப் பற்றிப் பேசிவிட்டு வருவார். திரும்பி வரும்போது நடையைப் பார்க்க வேண்டும். ராஜகிரிக் கோட்டை இவரைவிட நாலு முழம் குட்டை. அகராதியில் ஏறாத சொல்லெல்லாம் இவரைத் தேடி வருமாம். வந்ததெல்லாம் என் வாயிலிருந்து என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

என் நைனா அவலூர்பேட்டைச் சந்தையில் மாட்டுத் தரகர். அவருக்குப் பின் அண்ணன் பச்சைமுத்து. விலையைத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். நாலு பேர் எதிரே வாய் திறக்க வேண்டிவந்தால், அதற்கென்று தரகர்களுக்குத் தனிப்பேச்சு உண்டு, ஒவ்வொரு தொகைக்கும் ஒரு மறைசொல். மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது. நைனாவிடமிருந்து அதைக் கற்றவள் நான். கல்யாணமான புதிதில், புருஷன் ஆசையாகக் கேட்கிறாரே என்று பூரித்துப்போய் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அறுபத்து நாலில் அத்தனையையும் ரேடியோவில் கொட்டினார். "தரகர்களோடு பல்லாண்டு பழகி யான் திரட்டியவை" என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டுகூடச் சந்தைப் பக்கம் போனவரில்லை. அவலூர்பேட்டையில் பஞ்சாயத்து ரேடியோ சந்தைத் திடலைப் பார்த்துத்தான் அலறும். அடுத்த சந்தையில் ஒரு தரகர் வாயைத் திறந்ததும், மாடு விற்க வந்த அனந்தபுரத்துக்காரர் சிரித்துக்கொண்டே விலையை உடைத்துச் சொல்லிவிட்டாராம்.

நியாயம் அந்த அனந்தபுரத்துக்காரர் பக்கம் இருக்கலாம். அந்த நியாயத்துக்காகப் பேசியிருந்தால் என் வீட்டுக்காரர் காலில் விழுந்திருப்பேன். அவர் பேசியது சால்வைக்காக.

தரகர்கள் ஒரே வாரத்தில் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். புதுப்பேச்சை அண்ணனுக்கு மட்டும் சொல்லவில்லை. அவர் துண்டை விரித்து நீட்டினால் ஒருவரும் உள்ளே கை விடவில்லை. தை பிறந்தது, எனக்குத் தாய்வீட்டுப் பொங்கல் சீர் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டேன். என் பேரை எடுத்தாலே அண்ணன் எழுந்து போய்விடுகிறார் என்று அண்ணி சொல்லியனுப்பினாள். வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். "அறிவுத்துறையில் சிறு இழப்புகள் சகஜம்" என்றார் எங்கள் வீட்டு மேதை, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

தரகர்களில் பெரியவர் ஜகபர் அலி. நைனாவின் கூட்டாளி, எனக்கு மாமா முறை. சந்தைக்கே போய் அவர் எதிரே நின்றேன்.

"மாமா, தப்பு என் மேல. அண்ணனை இன்னாத்துக்குத் தள்ளி வெக்கிறீங்க?"

"பச்சைமுத்துகிட்ட சொன்னா உன்கிட்ட வரும். உன்கிட்ட வந்தா ரேடியோவுக்குப் போவும். நாங்க பொழைக்கிறதா வாணாமாம்மா?"

"இனிமே என்கிட்டருந்து போவாது, மாமா."

"நீ சொல்ற. அத்த நான் எப்பிடிம்மா நம்பறது?"

"அடுத்த தபா அவரு ரேடியோவுல பேசறப்ப கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வழியை வீட்டுக்காரரே காட்டினார். பேச்சு எடுபட்டதில், புத்தகம் போட ஒரு பதிப்பாளர் கிடைத்திருந்தார். "தரகர்கள் சொற்களை மாற்றிவிட்டார்களாமே, மீனம்பாள். புதியவை உனக்குத் தெரிந்திருக்குமே?" என்று சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கால் வைக்க மாட்டார், புகை ஆகாது. குழம்பைக் கிண்டிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"நூறுக்கு உறி" என்றேன். "அம்பதுக்கு முறம். பத்துக்கு அகப்பை. அஞ்சுக்கு ஊதாங்குழல்."

எழுதிக்கொண்டார். நாலும் அவர் கண்ணெதிரே கிடந்தன. உறி அவர் மூக்குக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில், சோறு எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் எட்டிப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பார்.

அடுத்த மாதம் ரேடியோவில் முழங்கினார். "உறி உயரத்தே தொங்குவது. ஆதலால் உயர்ந்த தொகையாகிய நூறு. எளியோரின் கற்பனைத் திறம் என்னே!"

அவலூர்பேட்டையில் அன்று சந்தை. தரகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். ஜகபர் அலி மாமா சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டதாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓரமாக நின்ற அண்ணனின் தோள் துண்டை இழுத்து விரித்து, எல்லோரும் பார்க்கத் தன் கையை உள்ளே விட்டாராம்.

பட்டணத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. புத்தகம் வந்தது, சால்வை வந்தது, 'சொல்லாழி' என்று ஒரு பட்டமும் வந்தது. மேளத்தோடு பஜாரைச் சுற்றி அழைத்து வந்தார்கள்.

போகிக்கு முதல் நாள் அண்ணனே சீரோடு வந்து நின்றார். பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை. அவற்றுக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் உறி, ஒரு முறம், ஓர் அகப்பை, ஓர் ஊதாங்குழல். நாலையும் என் வீட்டுக்காரர் காலடியில் வரிசையாக வைத்தார்.

"ஜகபர் பாய் குடுத்தனுப்பினாரு, மாப்ளே. மொத்தம் நூத்தி அறுபத்தஞ்சு."

அவர் உறியைப் பார்த்தார். முறத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய், சால்வையைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார். நான் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

சீர் அதன்பிறகு எந்தத் தைக்கும் நிற்கவில்லை. விஷயம் தெரிந்துவிட்டதே, மனுஷன் புத்தகத்தையாவது திருத்திவிடுவார் என்று எனக்கே உள்ளூர ஒரு நம்பிக்கை இருந்தது. இரண்டு வருஷம் கழித்து அடுத்த பதிப்பு வந்தது. அட்டையில் 'திருத்திய பதிப்பு' என்று போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தேன். உறி நூறாகவே இருந்தது.