நாற்பத்தொன்றாவது இடம்

என் மாமியாரின் அண்ணனை நாங்கள் முதுகுக்குப் பின்னால் ரேங்க் மாமா என்போம். காப்பீட்டு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். விமானம் ஏறியதில்லை. ஆனால் உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகம் எத்தனையாவது இடம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சொந்தத்தில் யார் பிள்ளை பட்டம் வாங்கினாலும் பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. அவர் காதில் அந்த வார்த்தை மட்டும் விழாது.

என் கணவரை அனுப்பிவைத்தது அவர்தான். இவர் அப்போது மின்விசிறித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தார். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். மேல்படிப்புக்கு வெளிநாட்டில் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று மோட்டார் வடிவமைப்பு. ஆறு மாதம் தொழிற்சாலையில் பயிற்சி. ரேங்க் இருநூற்றுச் சொச்சம். இன்னொன்று பொறியியல் மேலாண்மை. ஒரே வருடம், பயிற்சி கிடையாது, ரேங்க் நாற்பத்தொன்று. மாமா நாற்பத்தொன்றின் மேல் விரலை வைத்தார். அவ்வளவுதான். நானும் தலையாட்டினேன், அதை மறைப்பானேன். நாற்பத்தொன்று என்று தோழிகளிடம் சொல்லிக்கொள்ள எனக்கும் இனித்தது.

படிப்பு முடிந்து ஒரு வருடம் அங்கேயே வேலை தேடினார். போன இடத்திலெல்லாம், இந்த நாட்டில் எங்காவது வேலை பார்த்திருக்கிறாயா என்றுதான் கேட்டார்களாம். விசா முடிந்து திரும்பி வந்தார். பழைய தொழிற்சாலை சேர்த்துக்கொண்டது, இவரிடம் வேலை பழகியவருக்குக் கீழே.

மாமா அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். "காலேஜ் மேல ஒரு தப்பும் இல்லம்மா. இவனுக்கு நாலு பேர்கிட்ட பேசிப் பழகத் தெரியல."

இவரை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னார். இவர் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயை மூடிவிட்டு வந்தார். குழாய் மூடித்தான் இருந்தது.

நான்கு வருடம் கழித்து என் நாத்தனாரின் முறை. குளிர்பதனப் பொறியியல் படித்தவள். மாமா பட்டியலோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அவள் எதிரில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்ன அஞ்சு காலேஜ், நான் பார்த்து வச்ச ரெண்டு. ஏழுலயும் படிச்சு முடிச்சவங்களைத் தேடிப் பிடிச்சுப் பேசினேன் மாமா. முப்பத்தாறு பேர். இப்ப என்ன வேலை பார்க்கறீங்கன்னு மட்டும்தான் கேட்டேன்."

"அது எதுக்கு?" என்றார் மாமா. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

அவள் வாசித்தாள். நாற்பத்தொன்றில் படித்த ஆறு பேரில் ஒரே ஒருவர் படித்த படிப்புக்கான வேலையில் இருந்தார். அதுவும் அவருடைய அப்பாவின் கம்பெனி. மாமாவின் பட்டியலில் தலைகூடக் காட்டாத ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் ஐந்து பேரில் நான்கு பேருக்கு வேலை, பயிற்சி எடுத்த இடத்திலேயே.

"இந்தப் பேரை வெளியில சொன்னா யாருக்குத் தெரியும்?"

"வேலை குடுக்கறவங்களுக்குத் தெரியுது மாமா."

"உன் இஷ்டம். நாளைக்கு என்கிட்ட வந்து நிக்காதே."

அவள் அந்தச் சின்ன ஊருக்கே போனாள். மாமா இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது. அவளுக்கும் எல்லாம் லட்டு மாதிரி வந்து விழவில்லை. பயிற்சி எடுத்த கம்பெனி அந்த வருடம் ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டது. மூன்று மாதம் திண்டாடினாள். பிறகு அங்கே இருந்த மேற்பார்வையாளர் தனக்குத் தெரிந்த இடத்தில் சொல்லி, மருந்துக் கிடங்குகளுக்குக் குளிர் அறை அமைக்கும் வேலையில் சேர்த்துவிட்டார்.

அந்தச் செய்தி மாமாவை எட்டிய மறு ஞாயிற்றுக்கிழமை, ஒரு புருஷன் பெண்டாட்டியையும் அவர்கள் மகனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"எங்க ஆபீஸ்ல இருந்தவரும்மா. பையனை வெளிநாடு அனுப்பணுமாம். நம்ம பொண்ணு அங்க நல்லா இருக்கறதைச் சொன்னேன். நான் கைகாட்டின காலேஜாச்சே."

சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் விழவேண்டுமே. டீக்குச் சர்க்கரை கம்மி என்பதற்கு மட்டும் முகம் சுளித்தார்.

"மாமா கைகாட்டினது அந்தக் காலேஜ் இல்லீங்க," என்றேன் வந்தவர்களிடம். "அவர் பேச்சைக் கேட்டுப் போனவர் உள்ள பேப்பர் படிச்சிட்டிருக்கார். கூப்பிடட்டுமா?"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் குறிவைத்தது மாமாவை. மாமாவுக்குத் தோல் தடிமன், ஒன்றும் ஆகாது. அடி உள்ளே இருந்தவருக்கு.

ஆனால் இவரே வெளியே வந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அந்தப் பையனுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எத்தனை விண்ணப்பம் போட்டார், நேர்காணலில் எந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டார், எந்த மாதம் நம்பிக்கை போனது, எல்லாவற்றையும் கோபமில்லாமல் சொன்னார். என்னிடம்கூட இவ்வளவு சொன்னதில்லை.

"இவனுக்கு நாலு பேர்கிட்ட..." என்று மாமா ஆரம்பித்தார்.

"கொஞ்சம் இருங்க மாமா," என்றார் இவர்.

மாமா வாயை மூடிக்கொண்டார். அவர் மூடி அன்றுதான் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினார்கள். வாசல் வரை போனேன். படியிறங்கும்போது அந்தப் பையனின் அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு மாமாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பாவம், அந்தத் தம்பிக்குச் சாமர்த்தியம் போதல. நம்ம பையன் அப்படி இல்ல. அந்த நாப்பத்தொண்ணுக்குக் கடைசித் தேதி எப்போ?"

"இப்ப அது முப்பத்தெட்டுக்கு வந்துடுச்சு," என்றார் மாமா.

உள்ளே வந்தேன். இவர் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"யோசிக்கறோம்னாங்க."

"அந்தப் பையன் நல்லா கேட்டான்," என்றார். "நல்ல கேள்வியா கேட்டான்."