சீயக்காயில் கரைந்த பழமை

ஐப்பசி மழை ஓயாது பொழிந்து மயிலாப்பூரை நீண்டதொரு மௌனத்தில் ஆழ்த்தியிருந்தது. அடையாற்றங்கரையில் கிடைத்ததென நண்பர் தனபாலன் தந்த கற்கோடரி தொன்மையானதே என்று, மறுநாள் அறிஞர் அவையில் பழம்பொருள் அறிந்த பெரியவர் ராஜரத்தினம் சான்றுரைக்க வேண்டும். ஆதிமனிதனின் கைபட்ட கல்லாயிற்றே என்று வணங்கி, எண்ணெய்க்காப்பிட்டு, சீயக்காய் தேய்த்து நீராட்ட முனைந்தார்.

“கழுவாதீங்க அண்ணாச்சி!” என்று உடனிருந்த தனபாலன் பதறினார்.

அதற்குள் பழுப்பு நிறம் கரைந்து வடிந்தது. விளிம்புகள் நேற்று உடைத்த ஜல்லிபோல் வெளுத்திருந்தன.

“நான் பூசின தேயிலைச் சாயந்தான், அண்ணாச்சி. நீங்க சொன்னா ஊரே நம்பும், என் பேரும் நிலைக்கும்னு…”

“ஊர் கிடக்கட்டும். நான் நம்பினேனேப்பா! நாளைக்கு அவையில உள்ளதைச் சொல்லிடுவேன்.”

தனபாலன் தலைகுனிந்தார். ராஜரத்தினம் பூஜைமாடத்துச் சிவலிங்கத்துக்கு வில்வம் சாத்தி, கண்மூடி நின்றார். பின் திரும்பி, நண்பரின் நெற்றியில் நீறிட்டு, “நல்லா இரு” என்றார்.